கிண்டிலா, கோபோவா, பூக்ஸா, இல்லை கையில் இருக்கும் போனே போதுமா?

மின்னூல் படிக்கும் ரீடர் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். கடைசியாக நீங்கள் படித்த பத்துப் புத்தகங்கள் எவை, அவை எங்கிருந்து, எந்த வடிவத்தில் கிடைத்தன? உடனே பதில் வராது. பேட்டரி எத்தனை வாரம் வரும், எத்தனை ஜிபி, தண்ணீரில் விழுந்தால் தாங்குமா என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும், படிக்கப்போவது எதை என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். குறை சொல்லவில்லை, நானும் அப்படி வாங்கியவன்தான். என் முதல் ரீடர் 6 அங்குலத் திரை, கைக்கு அடக்கமாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. படிக்க நினைத்ததோ ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருந்த பழைய தமிழ்ப் புத்தகங்கள், அத்தனையும் பிடிஎஃப். முதல் பக்கத்தைத் திறந்தால் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. இரண்டு விரலால் பெரிதாக்கி, வலப்பக்கம் தள்ளி, வரி முடிந்ததும் மறுபடி இடப்பக்கம் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் திரை ஒருமுறை கறுத்து வெளுத்து, இப்படியே இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் அது இழுப்பறைக்குப் போய்விட்டது. ரீடரில் ஒரு கோளாறும் இல்லை, நான் வாங்கியது தப்பு, அவ்வளவுதான்.

அதனால் வாங்காமலே இருப்பதையும் ஒரு வழியாக வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ரீடர் வாங்கினால் படிக்கிற பழக்கம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் (ஓடுவதற்கு ஷூ வாங்கிய கதைதான்). ஒரு மாதம் போனிலேயே படித்துப் பாருங்கள், கிண்டில், கோபோ, கூகுள் பிளே புக்ஸ் எல்லாவற்றுக்கும் இலவசச் செயலி இருக்கிறது. அந்த மாதத்தில் இரண்டு புத்தகம் முடித்து, கண் எரிகிறது, நடுவில் ஏதாவது செய்தி வந்து இழுத்துக்கொண்டு போகிறது என்று எரிச்சலும் பட்டிருந்தால் உங்களுக்கு ரீடர் உதவும். செயலியைத் திறக்கவே இல்லை என்றால் புதுச் சாதனம் அதை மாற்றாது. வண்ணப் படங்கள் நிறைந்த பாடநூல், வீடியோவோடு வரும் பாடம், நிறைய வரைபடம் என்று இருப்பவர்களுக்கு டேப்லெட்தான் சரி, ரீடர்களில் இருக்கும் இ-இங்க் திரையில் அதையெல்லாம் பார்ப்பது வீண் பிடிவாதம்.

திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் சண்டை போடுவது இதை வைத்துத்தான். இ-இங்க் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள் இருக்கின்றன, அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள், ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர். மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் போகும். மேலே வந்த துகள் மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே நிற்கும், அதனால்தான் பக்கம் மாறும்போது மட்டும் திரைக்குப் பேட்டரி செலவாகிறது. போன் திரை மாதிரி பின்னாலிருந்து ஒளி நம் கண்ணை நோக்கி அடிப்பதில்லை, காகிதம் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. ராத்திரிக்கு உதவும் விளக்கும் ஓரத்தில் இருந்து திரையின் மேல் பரவுவதுதான். இந்தத் திரையைச் செய்யும் இ-இங்க் நிறுவனம் எம்ஐடி ஆய்வகத்தில் நடந்த வேலையிலிருந்து 1997-ல் பிறந்தது, 2004-ல் சோனி இதை வைத்து ஜப்பானில் ஒரு ரீடர் விற்றது, 2007-ல் கிண்டில் வந்தது. இன்றைக்கும் கிண்டில், கோபோ, பாக்கெட்புக், பூக்ஸ் என்று எதை எடுத்தாலும் திரை அந்த ஒரே நிறுவனத்துடையது. அதனால் ஒரே அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று இரண்டும் ஒன்றாக இருந்தால், 'இந்தத் திரை அதைவிட அருமை' என்று யாராவது சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

அது எங்கே என்றால், புத்தகம் ரீடருக்குள் வரும் வழியில்.

அமேசானின் கிண்டிலில் புத்தகம் வாங்குவது சுலபம், கடை பெரிது, 2016 கடைசியிலிருந்து தமிழ்ப் புத்தகங்களும் அதில் கிடைக்கின்றன. நீங்கள் படிப்பதில் பெரும்பகுதி அங்கேதான் வாங்குகிறீர்கள், வேறு இடத்துக்குப் போகும் எண்ணமும் இல்லை என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், கிண்டிலை வாங்கிவிடுங்கள். ஆனால் உள்ளே போகும் கதவு அகலம், வெளியே வரும் கதவு குறுகல். உலகம் முழுக்கப் புழங்கும் மின்னூல் வடிவமான இபப் கோப்பைக் கேபிள் போட்டு நேரே நகலெடுத்தால் கிண்டில் திறக்காது, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்பினால் தன் வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளும், அதுவும் 2022-ல் வந்த வசதிதான். வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. 2009-ல், உரிமை இல்லாத யாரோ விற்றுவிட்டார்கள் என்று, வாங்கியவர்களின் கிண்டிலில் இருந்தே இரண்டு நாவல்களை அமேசான் தூரத்திலிருந்தபடி அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்தான், ஆனாலும் அலமாரியில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போனது போனதுதான். இது ஒரு நிறுவனத்தின் குணம் மட்டும் இல்லை, மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019-ல் மூடியபோதும் பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போயின. வேறெங்கும் திறக்க முடியாதபடி பூட்டு போட்ட கோப்பை வாங்கும்போது வாங்குவது படிக்கும் அனுமதியைத்தான் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான், வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், நானும் வாங்குகிறேன்.

கோபோ இபப்பை அப்படியே திறக்கும். கேபிளை மாட்டினால் பென்டிரைவ் மாதிரி தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. உங்கள் பொது நூலகம் மின்னூல் இரவல் தரும் ஓவர்டிரைவ் சேவையில் சேர்ந்திருந்தால் பெரும்பாலான கோபோக்களில் ரீடரிலிருந்தே புத்தகம் இரவல் எடுக்கலாம், நூலகத்தில் நிறையப் படிப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதும் முடிவெடுக்க. பாக்கெட்புக் இன்னும் தாராளமான பேர்வழி, அநேகமாக எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் திறக்கும், மென்பொருள்தான் கொஞ்சம் மந்தம் என்பது என் அபிப்பிராயம்.

பூக்ஸ் வேறு ஜாதி. அது உள்ளுக்குள் ஆண்ட்ராய்டு டேப்லெட், திரை மட்டும் இ-இங்க். கிண்டில் செயலி, கோபோ செயலி, நூலகச் செயலி, உங்களுக்குப் பிடித்த பத்திரிகையின் செயலி எல்லாம் ஒரே சாதனத்தில் போட்டுக்கொள்ளலாம், கூகுளின் குரல் வசதியை வைத்துத் தமிழ்ப் புத்தகத்தை வாசித்துக் காட்டவும் சொல்லலாம். மூன்று கடைகளில் புத்தகம் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு செயலிக்கும் திரை எத்தனை வேகத்தில் புதுப்பிக்க வேண்டும், எழுத்தை எவ்வளவு கறுப்பாக்க வேண்டும் என்று அமைப்புகள் பக்கம் பக்கமாக நீளும், பேட்டரியும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் இறங்கும். எந்தச் செயலியும் போடலாம் என்றால் எந்தத் தொந்தரவும் கூடவே வரலாம் என்றும் அர்த்தம், போனிலிருந்து தப்பிக்க ரீடர் வாங்குகிறவர் போனையே கறுப்பு வெள்ளையில் வாங்கியது போல ஆகிவிடும். நோண்டிப் பார்ப்பதில் சந்தோஷப்படுகிறவர்களுக்குத்தான் நான் இதைச் சொல்வேன்.

எதை வாங்கினாலும் கணினியில் கேலிபர் என்ற மென்பொருள் இருக்கட்டும், இலவசம்தான், பூட்டு இல்லாத கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் அட்டைப்படம், ஆசிரியர் பெயர் எல்லாம் திருத்தவும் பல வருடங்களாக அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

சரி, தமிழ். ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவர்களுக்காக எழுதிய ஒப்பீடுகளில் இது வராது, நமக்கோ இதுதான் பாதி விஷயம். தமிழ் எழுத்துரு இல்லாத சாதனத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும், அது பரவாயில்லை, பார்த்ததுமே புரிந்துவிடும், எழுத்துருவை ஏற்றினால் சில சாதனங்களில் சரியாகியும் விடும். அதைவிட மோசம், எழுத்துரு இருந்தும் கோர்க்கத் தெரியாத சாதனம். 'கொக்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கை'யில் ஐகாரக் குறி இடம் மாறி உட்காரும், 'ஸ்ரீ' பிரிந்து இரண்டு மூன்று துண்டாகத் தெரியும். இப்போது வருகிற சாதனங்களில் இது குறைந்திருக்கிறது, என்றாலும் ஒரே சாதனத்தில் ஒரு வகைக் கோப்பில் சரியாகவும் இன்னொரு வகையில் உடைந்தும் வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு பக்கக் கோப்பு ஒன்று செய்து வைத்திருக்கிறேன், கொக்கு, கௌதாரி, கைப்பை, தேநீர், ஸ்ரீ, லக்ஷ்மி, நூல், மூங்கில் என்று வம்பு பிடித்த எழுத்துகளாகப் பார்த்துப் போட்டது. நண்பர் கையில் புது ரீடர் பார்த்தால் அதை முதலில் ஏற்றிப் பார்த்துவிடுவேன். நீங்களும் செய்து வைத்துக்கொள்ளுங்கள், சாதனத்தைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடலாம்.

அப்புறம் தமிழ்ச் சொற்களின் நீளம். ஆங்கிலத்தில் ஒரு வரிக்குப் பத்துச் சொல் வரும் எழுத்தளவில் தமிழில் நாலைந்துதான் வரும். 6 அங்குலத் திரையில் வயதுக்கேற்ப எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால், 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே சொல் முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஓரமும் சமமாக வரும்படி வைத்திருந்தால் அதற்கு முந்தைய வரியில் இரண்டு சொல் மட்டும், நடுவில் ஒரு மைதானம். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கும்படி மாற்றிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும் (அந்த வசதி சாதனத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்), மீதிப் பாதிக்கு 7 அங்குலம்தான் மருந்து. தமிழில் அதிகம் படிப்பவர் யாராக இருந்தாலும் 6-க்குப் பதில் 7 அங்குலத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றுதான் காரணம். அகராதி வசதியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள், அகராதியில் 'மரம்' இருக்கும், நீங்கள் விரல் வைப்பது 'மரத்தடியிலிருந்து' என்பதன் மேல்.

இனி அந்த ஸ்கேன் பிடிஎஃப். மதுரைத் திட்டம் 1998-லிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்துவருகிறது, ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப்பாகவே கிடைக்கும், இவற்றில் தேடியது கிடைத்தால் சின்னத் திரையே போதும், எழுத்து திரைக்குத் தகுந்தபடி ஓடி நிரம்பிக்கொள்ளும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் பக்கம் பக்கமாக எடுத்த படம்தான், எழுத்தளவை மாற்ற முடியாது. எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான யுனிகோடு குறியீடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பும் கிட்டத்தட்ட அதே கதை, பார்க்க அழகாகத் தமிழ் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை வந்து விழும், தேடவும் முடியாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், 6 அங்குலத் திரையின் (அது மூலைக்கு மூலை அளவு) அகலம் சுமார் 9. தாளில் 12 பாயிண்ட் அளவில் இருந்த எழுத்து திரையில் 5 பாயிண்டுக்குச் சுருங்கிவிடும், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டு மாதிரி. 10.3 அங்குலத் திரை ஏறக்குறைய 16-க்கு 21 சென்டிமீட்டர், அதில் ஏ4 முக்கால் அளவில் தெரியும், படிக்கலாம். நம் பழைய நாவல்கள் பலவும் கிரவுன் என்ற சின்ன அளவில் அச்சானவை, ஓர வெள்ளையை வெட்டிவிட்டால் 8 அங்குலத் திரையிலேயே (சுமார் 12-க்கு 16) அச்சுப் புத்தகத்தின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆய்வுக் கட்டுரை, இரண்டு பத்தியாக அச்சிட்ட கலைக்களஞ்சியம், அட்டவணைகள், நீள நீளமான நிரல் வரிகள் என்றால் 10 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள்.

ஏற்கெனவே சின்னது வாங்கிவிட்டீர்களா? ஓரங்களை வெட்டிவிட்டு, சாதனத்தைப் படுக்கவாட்டில் திருப்பி அரைப்பக்கம் அரைப்பக்கமாகப் படித்துப் பாருங்கள். கோரீடர் என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, கோபோவிலும் பாக்கெட்புக்கிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும், கிண்டில் என்றால் அந்தச் சாதனத்தின் மென்பொருள் பூட்டை உடைக்க வேண்டியிருக்கும். அது ஸ்கேன் பக்கத்தில் உள்ள சொற்களைப் படத்துண்டுகளாக வெட்டி, திரை அகலத்துக்கு மறுபடி அடுக்கிக் கொடுக்கும். சுத்தமான ஸ்கேனில் பிரமாதமாக வேலை செய்யும், கோணல்மாணலாக எடுத்ததில் சொதப்பும். என் இழுப்பறை ரீடர் வெளியே வந்தது இதனால்தான்.

பெரிய திரையின் விலை எடையில் தெரியும். சாதாரண 6 அங்குலக் கிண்டில் 158 கிராம், 7 அங்குல பேப்பர்வைட் 211, 10.2 அங்குல ஸ்கிரைப் 433. எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே ஒரு கையில் பிடித்துப் பார்த்தால் தெரியும், நான் ஒருமுறை தூக்கத்தில் மூக்கில் போட்டுக்கொண்டேன். மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்குப் பெரியது, படுக்கையிலும் பயணத்திலும் படிப்பவருக்குச் சின்னது. இரண்டும் வேண்டும் என்பவர்கள் நடுவில் 8 அங்குலத்தில் சமாதானம் ஆகலாம், இல்லை என்னைப் போலப் பிடிஎஃப்புக்கு ஒன்று, நாவலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி 12 வாரம் என்று போட்டிருந்தால் அடியில் சின்ன எழுத்தில் தினம் அரை மணி நேரக் கணக்கு என்று இருக்கும், அதாவது 42 மணி நேரம், தினம் மூன்று மணி நேரம் படிக்கிறவருக்கு இரண்டே வாரம். அதுவும் தாராளம்தான், இதை வைத்து ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாவல் ஒன்று ஓரிரண்டு எம்பிதான், 16 ஜிபியை நிரப்ப ஸ்கேன் சேகரிப்பவராலும் ஒலிப்புத்தகக்காரராலும்தான் முடியும். தண்ணீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருக்கும் கிண்டிலும் கோபோவும் 2 மீட்டர் நன்னீரில் ஒரு மணி நேரம் தாங்கும், குளியலறையில் படிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பக்கம் திருப்பும் பொத்தானை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, போர்வைக்குள்ளிருந்து ஒரே கையால் படிக்கும்போது, கட்டைவிரல் ஏற்கெனவே பொத்தான் மேல் இருக்கும், லேசாக அழுத்தினால் பக்கம் திரும்பும். தொடுதிரையில் அதே வேலைக்கு விரலைத் தூக்க வேண்டும், பிடி தளரும், தெரியாமல் பட்டு நாலு பக்கம் தாண்டிப்போகும். விரல் மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால் பொத்தானும் குறைந்த எடையும் முதலில், அப்புறம்தான் மற்றது. கோபோ லிப்ரா வரிசையில் பொத்தான் உண்டு, கிண்டிலில் ஓயாசிஸ் என்ற மாடலோடு அது போய்விட்டது.

வண்ணத் திரை ஆசையைத் தூண்டும். இ-இங்கின் கலைடோ 3 என்ற வண்ணத் திரையில் கறுப்பு வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளிதான், கறுப்பு வெள்ளைத் துகளுக்கு மேலே வண்ண வடிகட்டி ஒன்றைப் போர்த்தித்தான் நிறத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் போர்வையால் வெள்ளை கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், விளக்கைப் போட்டுத்தான் படிக்கத் தோன்றும். காமிக்ஸ், குழந்தைகள் படக்கதை, நாலு நிறத்தில் கோடு போட்டுப் படிக்கும் மாணவர் என்றால் வாங்கலாம். நாவல் படிப்பவருக்கு அட்டைப்படம் மட்டும் நிறமாகத் தெரிவதற்காக எழுத்தின் தெளிவை விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. பேனா வைத்து எழுதும் ரீடர்களும் அப்படித்தான், பிடிஎஃப் ஓரத்தில் குறிப்பு எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருப்பவருக்கு அருமை, இனிமேல் எழுதலாம் என்று வாங்குகிறவருடைய பேனா ஒரு மாதத்தில் காணாமல் போகும்.

பழசு வாங்குவதில் தப்பில்லை. இருட்டறையில் விளக்கைப் போட்டு ஓரங்களில் திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள், முந்தையவரின் கணக்கிலிருந்து விடுவித்துத் தருகிறாரா என்று பாருங்கள், சார்ஜ் ஓட்டை ஆடுகிறதா என்றும்.

எதை வாங்கினாலும் கூடவே கெட்டியான உறை ஒன்று வாங்கிவிடுங்கள். பெரும்பாலான ரீடர்களில் மேலே பிளாஸ்டிக் மாதிரி தெரிந்தாலும் உள்ளே மெல்லிய கண்ணாடி இருக்கிறது, பைக்குள் சாவிக்கொத்தோ தண்ணீர் பாட்டிலோ அழுத்தினால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விட்டுவிடும். எனது இரண்டாவது ரீடர் அப்படித்தான் போனது. துகள் நின்ற இடத்தில் நிற்கும் என்று சொன்னேன் இல்லையா, விரிசலுக்கு இந்தப் பக்கம் கோடுகளாகிவிட்டது, அந்தப் பக்கம் நான் படித்துக்கொண்டிருந்த 213-ஆம் பக்கத்தின் மேல்பாதி அப்படியே நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்து மூன்று வருடம் ஆகிறது, இன்றைக்கும் எடுத்தால் அந்தப் பதினோரு வரியையும் படிக்கலாம்.